பென்சிலை மட்டும் எடுத்துப் போங்கள்

பழைய ஆவணங்களை வைத்திருக்கும் ஒரு காப்பகத்துக்கு நட்சத்திரம் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். முதலில் 85 டாலர் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டாவில் இருக்கிறோம். எதிர்வீட்டில் ஒரு அம்மா. வயது எழுபத்தைந்துக்கு மேல். நாங்கள் குடிவந்த முதல் வாரமே தட்டில் ஏதோ சுட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியவர். அவருடைய பாட்டியின் தாத்தா, சவன்னா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பிறகும் அங்கேயே பருத்தி பயிரிட்டவராம். “அவரை யாரோ கொன்றுவிட்டதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். எழுத்தில் ஏதாவது இருக்குமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்று ஒருநாள் கேட்டார்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் என் வேலை. நான் மெடிக்கல் கோடிங் பார்க்கிறவன். டாக்டர் இரண்டு பக்கம் எழுதியதை ஒரு சில எழுத்துக் குறியீடாகச் சுருக்குவதுதான் என் பிழைப்பு. இந்த மனுஷனுக்குச் சாவுக் காகிதமெல்லாம் அத்துப்படி என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் சோம்பேறித்தனமாக இணையத்தில் தேடி, பழைய ஆவணங்களைப் படித்துத் தொகுத்துக் கொடுக்கும் ஒரு கட்டணச் சேவையைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயர், ஆளின் பெயர், 85 டாலர். பத்து நாளில் ஒரு எக்செல் தாள் வந்தது. அந்தக் கவுண்டியின் 19-ஆம் நூற்றாண்டுப் பிரேத விசாரணைகள் எல்லாம் மூன்றே பத்திகளில்: பெயர், தேதி, காரணம். பாதிப் பெயர்களுக்கு எதிரே ‘தெரியவில்லை’. காரணம் என்ற இடத்தில் ‘விபத்து’, ‘கொலை’, ‘நீரில் மூழ்கி’, அப்புறம் அடிக்கடி ‘கடவுளின் வருகை’. அடியில் ஒரு வரி: நீங்கள் தேடியவர் பதிவில் இல்லை. மூலக் காகிதத்தின் படம் வேண்டுமானால் பக்கத்துக்குத் தனிக் கட்டணமாம்.

அந்தச் சேவைக்கு இரண்டு நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தாளைப் பார்க்கப் பார்க்கக் கை கூசியது. நான் தினமும் எட்டு மணி நேரம் செய்வதும் இதுதானே.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாள் லீவு போட்டேன். இனி எழுதப்போவது அந்தக் கவுண்டிக் காப்பகத்தின் படிப்பறையைப் பற்றி. இதற்கும் பெயர் போடவில்லை, காரணம் வேறு. அங்கே மேஜை இரண்டு, பார்த்துக்கொள்ள ஒரே ஒரு அம்மா. இதைப் படித்துவிட்டு ஐந்து பேர் ஒரே நாளில் போய் நின்றால் அந்த அம்மா பாவம். ஆற்றைத் தாண்டி மேற்குத் தென் கரோலினாவில் எந்தப் பழைய கவுண்டித் தலைநகருக்குப் போனாலும், நீதிமன்றத்தைச் சுற்றி விசாரித்தால் இப்படி ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு.

உள்ளே நுழைந்ததும் பை, தண்ணீர் பாட்டில், பேனா எல்லாம் லாக்கருக்குள். பென்சில் மட்டும் அனுமதி. என்னிடம் பென்சில் இல்லை. மழுங்கிய ஒன்றைக் கொடுத்தார்கள். மாலை வரை அதோடுதான் மல்லுக்கட்டினேன். கையுறை கேட்டேன். “வேண்டாம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்க, அது போதும். உறை போட்டால் காகிதம் கிழிவதே தெரியாது” என்றார். ஃபிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுக்கலாம், அதற்குக் காசு இல்லை. பிரிண்ட் வேண்டுமானால் பக்கத்துக்கு 50 சென்ட். எக்செல் தாளுக்குப் போன 85 டாலரை நினைத்து வயிறு எரிந்தது.

பெட்டியைத் திறந்தால், பத்திரங்களைப் போல நீளவாக்கில் மூன்றாக மடித்த காகிதங்கள். மடிப்பின் வெளிப்பக்கத்தில் இறந்தவர் பெயர், தேதி. ஒன்றைப் பிரித்து முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா பின்னால் வந்து நின்று, “முதல் பக்கத்தை விடுங்க. அது எல்லாவற்றிலும் ஒன்றுதான். கடைசியில் இருந்து வாங்க” என்றார். நான் கொடுக்கும் ஐந்து நட்சத்திரத்தில் மூன்று அந்த ஒரு வாக்கியத்துக்கு.

ஏன் என்று சொல்கிறேன். முதல் பக்கம் மந்திரம் மாதிரி. இன்ன நாளில், இன்ன இடத்தில், கொரோனர் (சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி) இன்னார் முன்னிலையில், அங்கே இறந்து கிடந்த இன்னாரின் உடலை நேரில் பார்த்து, சத்தியம் செய்த ஜூரிகள், இவர் எங்கே எப்படி எதனால் இறந்தார் என்று தென் கரோலினா மாநிலத்துக்காக விசாரித்துச் சொல்வது யாதெனில், என்று ஓடும். இங்கிலாந்தில் ராஜாவின் அதிகாரியாக இருந்த கொரோனரின் வாசகம், கடல் தாண்டி வந்து ராஜா இருந்த இடத்தில் மாநிலம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கொலையாக இருந்தால், கடவுள் பயம் கண்முன் இல்லாமல் பிசாசின் தூண்டுதலில் மயங்கி இன்னார் இதைச் செய்தார் என்று ஒரு வரி சேரும். குடித்துவிட்டுக் கத்தியை உருவியவனுக்கும் அதே பிசாசு, திட்டம் போட்டு மறைந்திருந்து சுட்டவனுக்கும் அதே பிசாசு.

‘உடலை நேரில் பார்த்து’ என்பதுதான் அதில் உயிர்நாடி. உடல் இல்லாமல் விசாரணை இல்லை. அதனால் விசாரணை நீதிமன்றத்தில் நடக்காது. உடல் கிடக்கும் இடத்தில் நடக்கும். பருத்திக் காட்டில், ஆற்றங்கரையில், சமையல் கொட்டகையில். அவசரமாகப் புதைத்திருந்தால் தோண்டி எடுப்பதும் உண்டு. கொரோனர் தூரத்தில் இருந்தால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டே அவர் இடத்தில் இருந்து நடத்துவார். ஜூரிகள் யாரோ எவரோ இல்லை, அக்கம்பக்கத்துக்காரர்கள். செத்தவனையும் தெரியும், சந்தேகப்படுகிறவனையும் தெரியும். சில நேரம் அவனுக்கே கடன் பாக்கி வைத்திருப்பவர்கள். அவர்கள் யாரையும் தண்டிக்க முடியாது. இப்படித்தான் இறந்தார், இவர்தான் காரணம் என்று சொல்வதோடு சரி. மற்றது நீதிமன்றத்தின் பாடு.

முதல் பக்கத்தைத் தாண்டினால் வாக்குமூலங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

எக்செல் தாளில் ஒரு வரி எனக்கு ஞாபகம் இருந்தது: பெயர் தெரியவில்லை, அடிமைக் குழந்தை, தீ விபத்து. 1850-களின் காகிதம். அதைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் இன்னாரின் உடைமையான ஒரு நீக்ரோ குழந்தை என்று மட்டும்தான் இருக்கிறது. தொகுத்தவர் அதோடு நிறுத்திவிட்டார். இரண்டாவது தாள், வீட்டு எஜமானியம்மாவின் வாக்குமூலம். அவர் உள்ளறையில் தைத்துக்கொண்டிருக்கிறார். சமையல்காரி குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவருகிறாள். அந்தக் கத்தலில்தான் குழந்தைக்குப் பெயர் இருக்கிறது. பருத்தி அங்கி அடுப்பங்கரையில் பற்றியிருக்கிறது. வாளியில் தண்ணீர் இல்லை. வாளியே கிணற்றடியில் இருந்திருக்கிறது. போர்வையைப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். சமையல்காரி என்ன பார்த்தாள், என்ன செய்தாள் எல்லாம் எஜமானியம்மா வாய்வழியாகத்தான் வருகிறது. அவளுடைய வாக்குமூலம் என்று தனித் தாள் இல்லை. அவள்தான் அம்மாவா என்றும் காகிதம் சொல்லவில்லை. குழந்தையின் வயது எங்கேயும் இல்லை; ஆனால் ‘அப்போதுதான் ஸ்டூலில் ஏறப் பழகியிருந்தது’ என்று ஒரு அரை வரி இருக்கிறது.

இன்று என் மேஜைக்கு இது வந்தால் எக்ஸ்06.2 போடுவேன். உடை தீப்பற்றியதற்கான குறியீடு. போட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவேன். வாளிக்கு என்னிடம் குறியீடு கிடையாது.

‘கடவுளின் வருகை’யும் எனக்குப் பழக்கமான ஆள்தான். ஆளைப் படுக்கையில் செத்துக்கிடக்கக் கண்டோம், காயம் இல்லை, காரணம் புரியவில்லை என்றால் ஜூரி எழுதும் வாசகம் அது. எங்கள் மொழியில் ஆர்99, காரணம் சரியாகத் தெரியாத மரணம். மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு எல்லாம் அன்றைய ‘கடவுளின் வருகை’க்குள் அடக்கம். அப்படி எழுதினால் தப்பில்லை. ஆனால் ஒரு காகிதக் கட்டுக்குள், வயலில் விழுந்து செத்த ஒரு அடிமையைப் பற்றி, மருத்துவர் தன் வாக்குமூலத்தில் முதுகில் இருந்த தழும்புகளையும் புதுப் புண்களையும் அகலம் முதற்கொண்டு எழுதியிருக்கிறார். அதற்கு மேல் தாளில் ஜூரியின் முடிவு: கடவுளின் வருகை. இரண்டும் ஒரே மடிப்பில், ஒரே பெட்டியில், 170 வருஷமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன.

அடிமையைக் கொல்வது சட்டப்படி குற்றமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தென் கரோலினாவில் 1821-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை. ‘திடீர்க் கோபத்தில்’ கொன்றால் 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அப்படியானால் பார்த்தவர் யார் என்ற கேள்வி வரும். பார்த்தவர்கள் பெரும்பாலும் மற்ற அடிமைகள். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. சட்டம் இருந்தது, வாய்தான் இல்லை.

சண்டைச் சாவுகள் ஏராளம். அவற்றை வேகமாகப் புரட்டிவிட்டேன். விஸ்கி, கத்தி, துப்பாக்கி, வேலித் தகராறு, பன்றி யாருடையது என்ற தகராறு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை நீதிமன்ற வாசலில் ஏலம் நடக்கும் நாளில் ஊரே கூடும், குடியும் கூடும். பக்கத்து எட்ஜ்ஃபீல்டுக்கு ‘ரத்தக்கறை எட்ஜ்ஃபீல்டு’ என்றே பட்டப்பெயர். 1856 மே 22 அன்று வாஷிங்டனில் செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்து நொறுக்கிய பிரஸ்டன் புரூக்ஸ் அந்த ஊர்க்காரர்தான். அதற்காக ஊர்க்காரர்கள் வெட்கப்படவில்லை, அவருக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாகப் போயின. சும்மா பரபரப்புக்காக வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டிகளில் தீனி இருக்கிறது. ஆனால் கையெழுத்து படிக்கிற பொறுமை அவர்களுக்கு இருக்காது.

போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. அகஸ்டாவிலிருந்து பாலத்தைத் தாண்டியதும் வடக்கு அகஸ்டா. பாலத்துக்கு அந்தக் கரையில் ஹாம்பர்க் என்று ஒரு ஊர் இருந்தது. 1833-இல் சார்ல்ஸ்டனிலிருந்து 136 மைல் ரயில் பாதை வந்து முடிந்த ஊர். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான ரயில் பாதை அதுதான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பர்களின் ஊரானது. 1876 ஜூலை 8 அன்று, அங்கிருந்த கறுப்பர் காவல்படையை ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லி வெள்ளையர் கூட்டம் முற்றுகையிட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் அகஸ்டாவிலிருந்து ஒரு பீரங்கியும் போனது. ஆறு கறுப்பர்களும் ஒரு வெள்ளையரும் செத்தார்கள். கறுப்பர்களில் சிலரைப் பிடித்து உட்காரவைத்து, பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுட்டார்கள்.

பிரேத விசாரணையை நடத்தியவர் பிரின்ஸ் ரிவர்ஸ். அடிமையாகப் பிறந்தவர், போரில் வடக்குப் படையின் கறுப்பர் படைப்பிரிவில் சார்ஜன்ட், 1868-இல் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதிய சபையில் உறுப்பினர், அப்புறம் அந்த ஊர் நீதிபதி. அவருடைய ஜூரி 94 வெள்ளையர்களைக் குற்றவாளிகள் என்று எழுதிக்கொடுத்தது. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான மேத்யூ பட்லர் அடுத்த வருஷம் செனட்டர். ரிவர்ஸ் கடைசிக் காலத்தில் குதிரை வண்டி ஓட்டினார். செத்த வெள்ளைக்காரருக்கு 1916-இல் வடக்கு அகஸ்டாவுக்குள் நினைவுத்தூண் வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பெயர்ப்பலகை வர இன்னும் நூறு வருஷம் ஆனது. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பாலத்தைப் பார்க்கிறேன். நாலு வருஷமாக எனக்கு இது தெரியாது.

காப்பகத்துக்கு வருகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டும். ஏசி என்றால் அப்படி ஒரு ஏசி, ஆகஸ்டு மாதத்தில் ஸ்வெட்டர் வேண்டும். பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு மணிக்கு நம்மை வெளியே அனுப்பிப் பூட்டிவிட்டு ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். சாப்பாடு கையோடு கொண்டுபோவது நல்லது. அட்டவணையில் நாலாம் பெட்டி என்று போட்டிருப்பது ஆறாம் பெட்டியில் இருக்கும். சில வருஷங்களுக்குக் காகிதமே இல்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மாநிலத்தில் இறப்புப் பதிவே 1915-இல்தான் ஆரம்பம். அதற்கு முன்னால் ஒரு ஏழை எப்படிச் செத்தான் என்று தெரிய வேண்டுமானால், இந்த மாதிரி மிஞ்சிய காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். 1850 முதல் 1880 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இறந்தவர் பட்டியல் ஒன்று உண்டு, ஆனால் அது ஒவ்வொரு முறையும் முந்தைய பன்னிரண்டு மாதத்தை மட்டும் பிடிக்கும். நடுவில் ஒன்பது வருஷம் ஓட்டை.

மூன்றரை மணிக்கு நான் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டேன். எதிர்வீட்டு அம்மாவின் முன்னோர் பெயர் எந்த மடிப்பின் வெளிப்பக்கத்திலும் இல்லை. எக்செல் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று பெட்டியை மூடப் போனேன். அப்போது காப்பகத்து அம்மா கேட்டார்: “செத்தவர்களை மட்டும்தானே பார்த்தீங்க?”

ஜூரிகளின் பெயர் வெளிப்பக்கத்தில் இருக்காது. எந்த அட்டவணையிலும் ஏறாது. அரசியல் சட்டம் மாறிய பிறகு கறுப்பர்களும் ஜூரியில் உட்கார்ந்தார்கள். 1868-க்குப் பிந்தைய கட்டு ஒன்றை எடுத்து வந்து, அவர் ஒரு பாதி, நான் ஒரு பாதி என்று பிரித்துக்கொண்டோம். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். மூட இருபது நிமிஷம் இருக்கும்போது கிடைத்தது. 1873.

எழுதத் தெரியாதவர் ஒப்பமிடும் முறை இது: எழுத்தர் பெயரை எழுதி நடுவில் இடம் விடுவார். இடைவெளிக்கு மேலே சின்னதாக ‘அவருடைய’, கீழே ‘குறி’. நடுவில் ஆள் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அந்தத் தாளில் ஏழு பெருக்கல் குறிகள். மற்ற ஆறும் சின்னதாக, அவசரமாக. இவருடையது மட்டும் எழுத்தரின் இரண்டு சொற்களையும் இடித்துக்கொண்டு பெரிசாக இருந்தது. ஒரு கோட்டின் முனையில் மை குளம் கட்டிக் காய்ந்திருந்தது, பேனாவை உடனே எடுக்கவில்லை போலும்.

50 சென்ட் கொடுத்து ஒரு பிரிண்ட் வாங்கினேன். காகித உறைக்குக் காசு வாங்கவில்லை.

அன்று இரவே எதிர்வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். அவர் எப்படி இறந்தார் என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலை அந்தக் குறியின் மேல் வைத்து, மேலிருந்து கீழ் ஒருமுறை, எதிர்ப்பக்கம் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “யார் செத்ததுக்கு இவர் போய் உட்கார்ந்தார்?” என்று கேட்டார்.

நான் கையெழுத்துப் பக்கத்தை மட்டும்தான் பிரிண்ட் எடுத்திருந்தேன். முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

வருகிற வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். ஆறாம் பெட்டி. இந்தத் தடவை என் பென்சிலைச் சீவி எடுத்துப் போகிறேன், கூடவே ஸ்வெட்டரும்.